கரும்பறிஞர் சர் டி. எஸ். வெங்கட்டராமன்

ஆண்டுதோறும் தை முதல் நாளன்று நம் காலனிகளில் ஒரு காட்சியைக் காண்கின்றோம். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கோரமண்டலிலும் லைன் வீடுகளின் வாயில்தோறும் செங்கரும்பு நிற்கின்றது. உள்ளே புதுப்பானையில் பால் பொங்குகின்றது, வெல்லம் கரைகின்றது. ஞாயிற்றுக்கு நன்றி சொல்கின்றோம். மறுநாள் மாட்டுக்கும் நன்றி சொல்கின்றோம். வாயிலில் நிற்கும் செங்கரும்பு பழங்குடியைச் சேர்ந்தது. ஆனால் பானையில் கரையும் வெல்லமும், நாள்தோறும் நம் காப்பியில் கரையும் சர்க்கரையும் வேறொரு குடியிலிருந்து வருவன. அக்குடியை உண்டாக்கியவர் ஒரு தமிழர். அவரை நாம் நினைப்பதில்லை. இம்மலரில் அவர் வரலாற்றைச் சொல்ல முற்படுகின்றோம். அவர் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், உயிர் என்பது யாது, உயிரினம் என்பது யாது என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. அவற்றையும் இயன்றவரை ஆராய்வோம்.

நாம் தங்கவயலில் வளர்ந்தவர்கள். பொன் எது, பொன் அல்லாதது எது என்று பிரித்தறிவது நம் முன்னோரின் தொழிலாய் இருந்தது. 1880ஆம் ஆண்டு தொடங்கி 2001ஆம் ஆண்டு வரை, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் இறங்கி, அவர்கள் பாறையைப் பிளந்து வந்தனர். பாறை வேறு, பொன் வேறு. இரண்டுக்கும் இடையே ஐயம் இல்லை. பொன்னின் அணுவுக்குள் 79 நேர்மின் துகள்கள் உள்ளன. 78 இருந்தால் அது பிளாட்டினம். 80 இருந்தால் அது பாதரசம். கோலாரில் எடுத்தாலும் ஆப்பிரிக்காவில் எடுத்தாலும் பொன் பொன்னே. அதனை வரையறுத்தல் எளிது.

உயிர்களை அவ்வாறு வரையறுக்க இயலுமா? இயலும் என்றே நெடுங்காலம் அறிஞர் எண்ணினர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிக் காட்டுகின்றது. புல்லும் மரமும் ஓரறிவுயிர்கள் என்பது அதன் கொள்கை. அந்நூல் அத்துடன் நிற்கவில்லை. வயிரம் புறத்தே இருப்பது புல் என்றும், அகத்தே இருப்பது மரம் என்றும் வேறுபாடு சொல்கின்றது. இவ்வளவைக் கொண்டால் விண்ணளவு ஓங்கும் மூங்கிலும் புல்; கரும்பும் புல்; சோளமும் நாணலும் புல். இன்றைய தாவர நூலாரும் இந்நான்கையும் புற்குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். இச்செய்தியை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டியிருக்கும்.

கரும்புக்கும் தமிழருக்கும் உள்ள உறவு பழைமையானது. தகடூர் அதியமானின் முன்னோர் இந்நிலத்திற்குக் கரும்பைக் கொண்டுவந்தனர் என்று ஒளவையார் புறநானூற்றில் குறிக்கின்றார். அத்தகடூரே இன்றைய தருமபுரி. நம்மவருள் பலருடைய பாட்டன்மார் புறப்பட்டு வந்த நாடும் அதுவே.

இனி, வெங்கட்டராமன் வரலாற்றுக்கு வருவோம். அவர் பிறந்தது 1884ஆம் ஆண்டு. அவர் இளைஞராய் இருந்த காலத்தில் இந்திய நாடு கரும்புக்குப் பேர் பெற்ற நாடு. ஆயினும் சர்க்கரைக்கு அயல் நாட்டை நம்பி வாழ்ந்தது. சாவகத் தீவிலிருந்து ஆண்டுதோறும் பல இலட்சம் டன் வெள்ளைச் சர்க்கரை கப்பலில் வந்து இறங்கியது. காரணம் விளங்கத்தக்கதே. கரும்பு மிகுதியாய்ப் பயிராகும் இடம் வட இந்தியா. அங்கே வளர்ந்த நாட்டுக் கரும்போ விரற்பருமன் உடையது. நாரும் கடினமும் மிக்கது. குளிரையும் வறட்சியையும் அது தாங்கும். ஆனால் சாறு சிறிதே தரும். தென்னாட்டில் விளைந்த பருத்த இனிய கரும்பை வடக்கே கொண்டுபோய் நட்டால், அது அந்நிலத்தின் பனிக்கும் நீர்த் தேக்கத்திற்கும் ஆற்றாது மடிந்தது. இனிமை ஓரிடத்தில் இருந்தது. வலிமை வேறிடத்தில் இருந்தது.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமானால் கரும்பை விதையிலிருந்து வளர்க்க வேண்டும். கரும்புக்கு முளைக்கும் விதை உண்டு என்பதையே உலகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாக உணர்ந்தது. அதுவரை உழவர் அறிந்ததெல்லாம் கரணை நடுதல் ஒன்றே. சாவகத்திலும் பார்படோசு தீவிலும் 1880களில் நடந்த ஆய்வுகள் கரும்பு விதை முளைப்பதை ஐயமறக் காட்டின. வட இந்தியாவில் கரும்பு அரிதாகவே பூக்கும். பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரிலோ மேற்கு மலைத் தொடரின் கணவாய் வழியே வரும் காற்றிலும் இதமான வெப்பத்திலும் கரும்பு நன்கு பூத்தது. ஆகவே 1912ஆம் ஆண்டில் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. சென்னை அரசின் தாவர நூலறிஞராக விளங்கிய டாக்டர் சி. ஏ. பார்பர் அதன் தலைவரானார். அவருக்கு உதவியாளராய் அமைந்தவரே வெங்கட்டராமன்.

அவர்கள் மேற்கொண்ட முயற்சி துணிவு மிக்கது. இனிய கரும்புக்குத் துணையாக அவர்கள் தேர்ந்தது மற்றொரு கரும்பை அன்று; ஆற்றங்கரைகளில் தானே முளைத்துக் கிடக்கும் நாணலை. உழவர் அதனைக் களை என்று வெட்டி எறிவர். மெல்லினால் சக்கைதான், சுவை இல்லை. சில ஊர்களில் அதனைப் பேய்க்கரும்பு என்றும் சொல்வதுண்டு. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு ஏந்தித் திரிந்தார் என்பதும், திருவொற்றியூரை அடைந்தபோது அது இனித்தது என்பதும் நாம் கேட்டறிந்த கதை. கதையில் அது இறையருளால் நிகழ்ந்தது. கோயம்புத்தூரில் அது மகரந்தத் தூளாலும் பொறுமையாலும் நிகழ்ந்தது.

வெள்ளை என்னும் பெயருடைய இனிய கரும்பின் பூவில், உள்ளூர் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். கரும்பின் விதை பஞ்சுப் பிசிர் போன்றது. மூச்சுக் காற்றுக்கும் பறக்கும். அதனைச் சட்டியில் தூவி முளைக்க வைத்து, நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டு, மாதக் கணக்கில் காத்திருந்து, சாற்றைப் பிழிந்து அளந்து, பயனற்றவற்றைக் கழித்து, மிஞ்சிய சிலவற்றை மீண்டும் நட்டுப் பார்க்க வேண்டும். பல நூறு நாற்றுகளில் ஒன்று தேறினால் அது பெரும்பேறு. அவ்வாறு தேறிய ஒன்று, கோ 205 என்னும் பெயருடன் 1918ஆம் ஆண்டில் உழவரிடம் சென்றது. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். பஞ்சாபில் அது பழைய நாட்டுக் கரும்பைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைவு தந்தது.

பார்பர் ஓய்வு பெற்றபின் நிலையத்தின் பொறுப்பு வெங்கட்டராமனிடம் வந்தது. நாட்டுக் கரும்பு, இனிய கரும்பு, நாணல் ஆகிய மூன்று குருதியும் ஒன்றிய புதுக் கரும்புகளை அவர் அடுத்தடுத்து உண்டாக்கினார். கோ 281, கோ 290, கோ 312, கோ 313, கோ 419 என அவை வரிசையாய் வந்தன. 1932ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரி கிடைத்தது. நல்ல கரும்பும் கையில் இருந்தது. ஆகவே சில ஆண்டுகளுக்குள் ஆலைகள் பன்மடங்கு பெருகின. சாவகச் சர்க்கரையின் வரவு ஒடுங்கியது. நம் மைசூர் நாட்டிலும் 1933ஆம் ஆண்டில் மண்டியாவில் சர்க்கரை ஆலை தோன்றியது. எந்தக் காவிரி 1902ஆம் ஆண்டு முதல் சிவசமுத்திரத்திலிருந்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியதோ, அந்தக் காவிரியே மண்டியாவின் கரும்புக்கும் நீர் ஊட்டியது. கோ 419 தென்னாட்டு வயல்களில் பல பத்தாண்டுகள் அரசு செலுத்தியது.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். கரும்பும் நாணலும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் பெயரிட்டு வைத்தார். சிற்றினம் என்றால் என்ன? தோற்றத்தால் வேறுபடுவது சிற்றினம் என்பது ஒரு விடை. தமக்குள் கூடி வளமான மக்களைப் பெற வல்லனவாய், பிறவற்றோடு கூடாது ஒதுங்கி நிற்பன சிற்றினம் என்பது மற்றொரு விடை. எர்ன்ஸ்ட் மாயர் என்னும் அறிஞர் 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை வலியுறுத்தினார். குதிரையும் கழுதையும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதை மலடாய் நிற்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவர்.

முதல் விடையைக் கொண்டால் கரும்பும் நாணலும் ஒன்றல்ல. குழந்தையும் அவற்றைப் பிரித்துச் சொல்லும். இரண்டாம் விடையைக் கொண்டால் அவை ஒன்றோ என்று ஐயுற நேரும். அவை கூடின, மக்களைப் பெற்றன, அம்மக்களிற் பலவும் மலடாய் நிற்கவில்லை. மேலும் ஒரு புதுமை உண்டு. இனிய கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. கோயம்புத்தூர் நாணலில் 64 உள்ளன. தாயும் தந்தையும் பாதிப் பாதி கொடுப்பதே உலக வழக்கு. அவ்வாறாயின் பிள்ளைக்கு 40உம் 32உம் சேர்ந்து 72 இருத்தல் வேண்டும். நுண்ணோக்காடியில் வைத்து எண்ணியபோது கோ 205இல் 112 காணப்பட்டன. தாய்க் கரும்பு தன் பங்கைப் பாதியாகக் கொடாமல் 80ஐயும் முழுமையாகக் கொடுத்திருந்தது. இனிமை நாணலில் கரைந்து போகாமல் நின்றதற்கு இது ஒரு காரணம்.

நாணல் என்னும் ஒரு பெயருக்குள்ளேயே 40 குரோமோசோம் உடையவையும் உண்டு. 128 உடையவையும் உண்டு. பொன்னின் கணக்கில் ஒன்று கூடினால் பெயரே மாறுகின்றது. நாணலின் கணக்கில் மும்மடங்கு கூடினாலும் பெயர் மாறவில்லை. வட இந்திய நாட்டுக் கரும்பின் கதையோ இன்னும் வியப்புடையது. பார்பர் அவற்றை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார். பின்னர் அவற்றுள் ஒரு சாராருக்குப் பார்பரின் பெயராலேயே தனிச் சிற்றினப் பெயரும் இட்டனர். இன்றைய மரபணு ஆய்வாளர், அவை இனிய கரும்பும் நாணலும் முற்காலத்தில் தாமே கலந்து பிறந்தவை என்று காட்டியுள்ளனர். கோயம்புத்தூரில் மனிதர் முயன்று செய்ததை இயற்கையும் உழவரும் முன்னரே செய்திருந்தனர்!

வெங்கட்டராமன் இத்துடன் அமையவில்லை. கரும்பு முற்றுவதற்குப் பத்து, பன்னிரண்டு மாதம் ஆகின்றது. சோளம் நான்கைந்து மாதத்தில் முற்றுகின்றது. சோளத்தின் விரைவைக் கரும்புக்குத் தர முடியுமா என்று அவர் எண்ணினார். சோளம் நாணலைப் போலக் கரும்பின் பேரினத்தைச் சேர்ந்ததன்று, வேறொரு பேரினம். அவ்வேலியையும் தாண்டிப் பிறந்த கலப்புச் செடிகளைப் பற்றிய செய்தி 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1937ஆம் ஆண்டில் கரும்பையும் மூங்கிலையும் கலந்த முயற்சியைப் பற்றி அவர் எழுதினார். தொல்காப்பியம் புல் என்று ஒருங்கு சேர்த்தவற்றின் எல்லை வரை அவர் சென்று பார்த்தார் எனலாம். உயிரணுவியலில் தேர்ந்த ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை அந்நிலையத்தில் பணிபுரிந்து, இக்கலப்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து காட்டினார். மூங்கிற் கலப்பைப் பற்றிப் பின்வந்த அறிஞருள் ஐயுற்றவரும் உண்டு. இவற்றுள் எதுவும் கோ 205 போல உழவரின் வயலை நிறைக்கவில்லை. ஆயினும் சிற்றினம், பேரினம் என்னும் வேலிகள் மனிதர் நட்டவை என்பதும், இயற்கையின் வேலி சிலவிடத்து உயர்ந்தும் சிலவிடத்துத் தாழ்ந்தும் கிடப்பது என்பதும் இவற்றால் விளங்கின.

இனி, உயிர் எது என்னும் வினாவையும் கரும்பைக் கொண்டே நோக்குவோம். வளர்வது உயிர் என்றால், கரைசலில் உப்புப் படிகமும் வளர்கின்றது. இனத்தைப் பெருக்குவது உயிர் என்றால், மலடான கோவேறு கழுதை உயிரற்றதாய் விடும். கரும்பைத் தேமல் நோய்க்கு ஆளாக்கும் வைரசோ, செடிக்கு வெளியே துகள் போலக் கிடக்கின்றது. செடிக்குள் புகுந்தால் பெருகுகின்றது. அதனை எப்பக்கம் வைப்பது? சந்தையில் கட்டிப் போட்ட கரும்பு உயிருள்ளதா, இல்லதா? வெட்டுண்ட கரும்பின் கணுவை ஈர மண்ணில் புதைத்தால் சில நாளில் முளை விடுகின்றது. ஆலையில் புகுந்தால் சக்கையாகின்றது. ஒரே கட்டில் இருந்த இரண்டு கரணைகளுள் ஒன்று வாழ்ந்தது, மற்றொன்று மாண்டது.

அதனினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு. கரணை நட்டு வளர்த்த கரும்பு எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து நின்ற கோ 213 பல கோடிச் செடிகளா, அல்லது ஒரே செடியா? இவ்வினாவுக்கு விடை 1938, 1939ஆம் ஆண்டுகளில் துயரத்துடன் வந்தது. செவ்வழுகல் நோய் அக்கரும்பைப் பற்றியது. ஒன்றை வீழ்த்தக் கற்ற நோய் அனைத்தையும் வீழ்த்தியது. மாற்றமின்றி ஒரே படியாய் நின்றமையால், எதிர்த்து நிற்க ஒன்றுகூட மிஞ்சவில்லை. எத்தனை குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு அவ்வயல்களில் சிவந்து அழுகியிருக்கும் என்பதை உழவர் வழிவந்த நாம் உணரலாம். வெங்கட்டராமனின் வெற்றிக்குள்ளேயே இந்த இடரும் அடங்கியிருந்தது என்பதை மறைத்தல் முறையன்று. அதற்கு மருந்தும் அவர் வழியிலேயே இருந்தது. புதுக் குருதி சேர்த்துப் புதுக் கரும்பைக் கொணர்வதும், நாணல் முதலிய காட்டு உறவினரை அழியாமல் காப்பதும் அம்மருந்தாகும். இன்று கோயம்புத்தூர் நிறுவனத்தின் கிளையொன்று கண்ணூரில் அத்தகைய பெருந்தொகுப்பைப் பேணி வருகின்றது.

அவர் கரும்பு கடல் கடந்தும் சென்றது. கோ 281உம் கோ 290உம் அமெரிக்காவின் லூசியானாவில் பயிராயின. கோயம்புத்தூரில் கலந்த விதை ஒன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று. அங்கே முளைத்துத் தேறியதற்கு என்கோ 310 என்று பெயரிட்டனர். நேட்டாலுக்கு ஓரெழுத்து; கோயம்புத்தூருக்கு ஈரெழுத்து. தாயகமும் குடியேறிய நாடும் ஒரு பெயரில் அமர்ந்தன. அந்நேட்டாலின் கரும்பு வயல்களுக்குத்தான் 1860ஆம் ஆண்டு முதல் தமிழர்கள் சென்னைத் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றனர். மனிதர் சென்ற வழியே பின்னர் விதையும் சென்றது.

அவர் ஆய்வுக் கூடத்திற்குள் அடங்கிய மனிதர் அல்லர். 1937ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞானப் பேரவைக்குத் தலைமை தாங்கியபோது, இந்தியக் கிராமத்தையே தம் உரைக்குப் பொருளாகக் கொண்டார். இராவ் பகதூர் பட்டமும், பின்னர் சர் பட்டமும் அவரை அடைந்தன. 1942ஆம் ஆண்டில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். விடுதலை பெற்ற நாடு 1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் அளித்துச் சிறப்பித்தது. 1963ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் வரலாறு நமக்குக் கூறுவது யாது? பொன்னைப் போல உயிரினத்தை உரைகல்லில் தேய்த்து மாற்றுக் காண இயலாது. அதன் எல்லையைத் தோற்றம் முழுதும் சொல்லாது; எண்ணிக்கையும் முழுதும் சொல்லாது. எங்கிருந்து வந்தது, எவற்றோடு கலந்தது, எதனைக் கொண்டுசெல்கின்றது என்னும் வரலாறே அதனை அறியத் துணை செய்வது. மனிதர் யாவரும் ஒரே சிற்றினம்; நம்மிடையே உள்ள மொழி வேற்றுமையும் ஊர் வேற்றுமையும் பிறப்பின் வேலிகள் அல்ல. ஆயினும் நம் பிள்ளைகள் நம்மை ஒரு கேள்வி கேட்கின்றனர். சுரங்கம் மூடிய பின்னர், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் அவர்கள். வடார்க்காட்டையும் தருமபுரியையும் அவர்கள் கண்டதில்லை. வீட்டில் தமிழ், வீதியில் கன்னடமும் தெலுங்கும், அலுவலகத்தில் ஆங்கிலம். நாங்கள் யார், எவ்வூரார் என்று அவர்கள் கேட்கும்போது, ஒரு சொல்லில் விடை தர முடியாமல் திகைக்கின்றோம்.

ஒரு சொல்லில் விடை தர வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. கோ 205இன் தாய்க் கரும்பு தன் பங்கைக் குறைக்காமல் முழுமையாகக் கொடுத்தது. நாணலின் வலிமையையும் விலக்கவில்லை. நாமும் நம் மொழியைப் பிள்ளைகளுக்குப் பாதியாகக் கொடாமல் முழுமையாகக் கொடுப்போம். இந்நாட்டு மண்ணும் மொழியும் தரும் வலிமையை அவர்கள் தாமே பெற்றுக் கொள்வார்கள். வருகின்ற தைத் திருநாளில் பொங்கற் பானையில் வெல்லம் இடும்போது, அருகில் நிற்கும் பிள்ளைக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள்.

சர் டி. எஸ். வெங்கட்டராமன் புகழ் வாழ்க!